மடிப்புடவையும் மூத்திரமும்

போன வருஷம் என் மாமியாரின் திவசத்தன்று, விடிந்ததிலிருந்து சுவாமிகள் இலையில் உட்காரும்வரை, குளித்துக் குளித்து எனக்கு விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போயிற்று. பக்தி முற்றிவிட்டதென்று யாரும் நினைக்க வேண்டாம். மூத்திரம் வந்தது, அவ்வளவுதான்.

இந்த வார்த்தையை எழுதக் கூடாது என்பார்கள். ‘ஒன்றுக்கு’, ‘பாத்ரூம்’, ‘வெளியே போய் வருவது’ என்று இதற்குப் போட்டுவைத்திருக்கிற முக்காடுகள் எத்தனையோ. எனக்கு அறுபத்தைந்து வயதாகிறது. ஒரு நாளில் இத்தனை தடவை என்னைத் தேடி வருகிற ஒன்றை இனிமேல் அதன் பேரைச் சொல்லியே கூப்பிடுவதென்று இருக்கிறேன். முகம் சுளிப்பவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம்.

எங்கள் வீடு திருவள்ளூரில், பெருமாள் கோவில் குளத்துக்குக் கூப்பிடு தூரத்தில். என் கணவர் கோவிலில் பாராயண கோஷ்டியில் இருப்பவர். இறந்தவர்களுக்கு வருஷா வருஷம் அவர்கள் போன திதியில் செய்கிற காரியம்தான் திவசம். அன்றைக்கு இறந்தவர்களின் இடத்தில் உட்கார்ந்து சாப்பிட வருகிறவர்களைச் சுவாமிகள் என்போம். அவர்களுக்கான சமையலை மடியாகச் செய்ய வேண்டும். முதல் நாளே நனைத்து, யார் கையும் படாமல் உயரக் கொடியில் உலர்த்தி வைத்த புடவையை, குளித்த ஈரத்தோடு உடுத்திக்கொண்டு, எதையும் யாரையும் தொடாமல் அடுப்படியில் நிற்பதுதான் மடி. அந்தப் புடவையோடு கழிவறைக்குள் கால் வைத்தால் மடி போயிற்று, விழுப்பு. மறுபடி தலையில் தண்ணீர், மறுபடி வேறொரு மடிப்புடவை. இது என் மாமியார் எனக்குச் சொன்ன சட்டம். அவருக்கு அவருடைய மாமியார் சொன்னது.

ஆண்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. என் கணவராகட்டும், மந்திரம் சொல்லிக் காரியம் செய்து வைக்கிற வாத்தியாராகட்டும், சுவாமிகளாகட்டும், நடுவில் வந்துவிட்டால் பூணூலைக் காதில் சுற்றிக்கொண்டு கொல்லையில் தென்னை மரத்தடிக்குப் போவார்கள். கை காலை அலம்பி, வாயைக் கொப்பளித்து, மந்திரம் சொல்லி மூன்று முறை தண்ணீர் உறிஞ்சி ஆசமனம் செய்துவிட்டு வந்து ஹோமத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். அவர்கள் கழிவறைக்குள் போகவில்லையாம், அதனால் மடி அப்படியே இருக்கிறதாம். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற பெண் ஒருநாள் இதைக் கேட்டுவிட்டுக் கையிலிருந்த தேங்காய் நாரைப் போட்டுவிட்டுச் சிரித்தாள்.

“இன்னா மாமி, மரத்தடில போனா மட்டும் தீட்டு கெடயாதா? அப்ப நீயும் ஒரு மரத்த நட்டுக்கினு போயேன்.”

நான் மரத்தடிக்குப் போனால் தெருவே திரண்டு வந்து நிற்கும் என்றேன். அதுவும் வாஸ்தவந்தான் என்று மறுபடி நாரை எடுத்துக்கொண்டாள்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் இதற்குக் கண்டுபிடித்து வைத்திருக்கிற வழி ஒன்றே ஒன்று. முதல் நாள் மத்தியானத்தோடு தண்ணீரை நிறுத்திவிடுவது. என் மாமியார் அதை ஒரு சமையல் குறிப்பு மாதிரிச் சொல்லிக் கொடுத்தார். “மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்பறம் தீர்த்தம் தொடாதே. நாக்கு வறண்டா ஒரு கிராம்ப வாயில அடக்கிக்கோ. மறுநாள் சுவாமிகள் எழுந்திருக்கற வரைக்கும் ஒண்ணும் தெரியாது.” நாற்பது வயதில் அது நடந்தது. அறுபதைத் தாண்டியதும் உடம்பு என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. தண்ணீர் குடித்தாலும் வந்தது, குடிக்காவிட்டாலும் வந்தது. குடிக்காவிட்டால் எரிச்சலோடு வந்தது.

அடக்குவதில் எனக்கு அனுபவம் போதாதென்று எவரும் சொல்லிவிட முடியாது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்புக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கம்பெனி பஸ் பெரியபாளையத்தைச் சுற்றிக்கொண்டு புதுவாயலுக்குப் போய், அங்கே லாரிகளுக்கு நடுவில் ஹைவேயில் ஏறி, ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேரும். அங்கே பெண்களுக்கென்று இருந்த ஒரே கழிவறை ஆலைக்கூடத்தின் மறுகோடியில். அதற்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். தாழ்ப்பாள் கேட்டு மேனேஜரிடம் போய் நின்றேன்.

“லேடீஸ் மேட்டரையெல்லாம் எங்கிட்ட கொண்டு வராதீங்கம்மா” என்றார்.

“சரி சார். உங்க பாத்ரூம் தாழ்ப்பாளக் கழட்டி எங்களுக்குக் குடுத்துடுங்க. நீங்க போறப்ப நம்ம பியூன் கதவப் பிடிச்சுக்கட்டும்” என்றேன்.

அந்த வாரமே தாழ்ப்பாள் வந்துவிட்டது. கம்பெனியில் அப்படிப் பேசியவள், வீட்டு வாசற்படி ஏறியதும் வாயைக் கழற்றிச் செருப்போடு வைத்துவிட்டு வருவேன். ஏன் என்று என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். கம்பெனியில் எனக்கு எதிரே நின்றவர் ஒரு மேனேஜர். வீட்டில் எதிரே நின்றது ஆசாரம், பெரியவர்கள், போய்ச் சேர்ந்தவர்கள். போய்ச் சேர்ந்தவர்களோடு எப்படிச் சண்டை போடுவது?

ராத்திரிகளைப் பற்றி நீட்டி முழக்க வேண்டாம். படுப்பேன், கண் அசரும், எழுவேன். திரும்பி வந்து படுத்தால் தூக்கம் வராது. வந்த தூக்கத்தையும் அடுத்தது வந்து கலைத்துவிடும். காலையில் கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கும். சாம்பாரில் உப்பு மறந்துபோகும், கோபம் மட்டும் மறக்காமல் வரும். நான் எழுந்து விளக்கைப் போட்டால் தன் தூக்கம் கெட்டுவிடுகிறதென்று என் கணவர் முறையிடுவார். எனக்கு என்ன கெடுகிறதென்று அவர் கேட்டதில்லை.

போன வருஷத் திவசத்துக்கு வருகிறேன். குளித்துக் குளித்துச் சமைத்து முடித்தேன். எல்லாரும் மாமியைப் போல மடி உண்டா என்று புகழ்ந்துவிட்டுப் போனார்கள். அன்று சாயங்காலமே குளிர் ஜுரம் தூக்கிப் போட்டது. அடிவயிற்றில் நெருப்பு. கணவர் ஒரு மாத்திரையைக் கொடுத்துப் படுக்கச் சொன்னார். மறுநாள் பாத்திரம் தேய்க்க வந்தவள்தான் என் கன்னத்தில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு ஆட்டோவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். “பேஜாரு பண்ணாத மாமி, ஏறு. ஐயரு அப்புறமா வரட்டும்” என்றாள். நாங்கள் ஐயர் இல்லையென்று அவளுக்குப் பலமுறை சொல்லியாகிவிட்டது. அன்றைக்குத் திருத்தத் தெம்பில்லை.

டாக்டர் சின்ன வயதுப் பெண். மூத்திரத்தில் கிருமி என்றார். சர்க்கரை இல்லை என்று பரிசோதித்துச் சொன்னார். பிறகு, “ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கறீங்க?” என்று கேட்டார்.

“முடிஞ்சவரைக்கும் குடிக்காமதான் இருக்கேன்” என்றேன், ஏதோ சாதனை மாதிரி.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். தண்ணீரைக் குறைத்தால் மூத்திரம் கெட்டியாகி, பையை உறுத்தி, இன்னும் அடிக்கடி வரச் செய்யும் என்று விளக்கினார். “பகல்ல நல்லாக் குடிங்க. பொழுது சாஞ்சப்புறம் குறைச்சுக்குங்க. சாயங்காலக் காபிய விட்டுடுங்க. மத்தியானத்துக்கு மேல கொஞ்ச நேரம் கால உயரத் தூக்கி வச்சுப் படுங்க. கால்ல தேங்கற நீர் பகல்லயே வெளிய போயிடும், ராத்திரி உங்கள எழுப்பாது.” மூத்திரத்தை அடக்குகிற தசையையே இறுக்கிப் பிடித்துத் தளர்த்துகிற ஒரு பயிற்சியையும் சொல்லிக் கொடுத்தார். உட்கார்ந்த இடத்தில் செய்யலாம், யாருக்கும் தெரியாது. பல நாள் உபன்யாசத்தில் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் செய்கிறேன். பக்கத்து மாமிகள் என் பக்தியைப் பார்த்து வியக்கிறார்கள்.

“வயசானா இப்படித்தான்னு விட்டுடாதீங்க. வந்தா போங்க. பட்டினி போட்டு இத ஜெயிக்க முடியாது” என்றார்.

சாயங்காலக் காபியை விட்டது பெரிய துக்கம். மற்றதெல்லாம் செய்தேன். என் கட்டிலைக் கழிவறைப் பக்கம் நகர்த்திப் போட்டேன். போகிற வழியில் ஒரு சின்ன நீல பல்ப், சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. என் கணவர் தூக்கம் கெடுவதைப் பற்றி மறுபடி ஆரம்பித்தபோது, “ஹால்ல போய்ப் படுத்துக்கோங்கோ” என்றேன். தலையணையை எடுத்துக்கொண்டு வீராப்பாகப் போனவர், கொசு பிடுங்கிய பிடுங்கலில் திரும்பி வந்துவிட்டார். அதற்குப் பிறகு முறையீடு இல்லை. ராத்திரி எழுவது அடியோடு நின்றுவிட்டதென்று சொன்னால் பொய். குறைந்திருக்கிறது. எழுந்தாலும் திருடியைப் போலப் பதுங்கிப் போவதில்லை.

என் மாமியார் எப்படிப் போனார் என்பதை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். அப்போது எங்கள் வீட்டுக் கழிவறை கொல்லைக் கோடியில் இருந்தது. வீட்டுக்குள்ளே ஒன்று கட்டலாமென்று நான் சொன்னபோதெல்லாம், “ஆத்துக்குள்ள கக்கூஸா?” என்று எல்லாருமாகச் சேர்ந்து முகத்தைச் சுளித்தார்கள். சுளித்தவர்களில் அவரும் ஒருவர். கடைசி வருஷங்களில் அவருக்கும் ராத்திரித் தூக்கம் போயிற்று. எழுந்து எழுந்து போவார். என்னை எழுப்பக் கூடாதென்று பொழுது சாய்வதற்கு வெகு முன்பே தண்ணீரை நிறுத்திவிடுவார். பிறகு பகலிலும் குறைத்துக்கொண்டார். திருவள்ளூர் வெயிலில் உதடு வெடித்துக் கிடக்கும், ஒரு வாய் தீர்த்தம் குடிங்கோ என்றால் வேண்டாம் என்று தலையை ஆட்டுவார். ஒரு நாள் விடியற்காலையில் கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. படியில் விழுந்து கிடந்தார். இடுப்பு முறிந்திருந்தது. உடம்பில் நீர்ச்சத்தே இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அங்கிருந்து வீட்டுக்குத் திரும்பவில்லை.

அவர் போன பிறகு, வீட்டுக்குள்ளே கழிவறை கட்ட எல்லாரும் உடனே ஒப்புக்கொண்டார்கள்.

இந்த வருஷத் திவசத்துக்கு முதல் நாள் என் நாத்தனார் சென்னையிலிருந்து மின்சார ரயிலில் வந்தார். என் கணவருக்கு அக்கா, என்னைவிடச் சில வயது மூத்தவர். திவசம் என்றால் மேற்பார்வை அவர் கையில்தான். அந்த ரயிலில் கழிவறை கிடையாது. வந்ததும் பையோடு நேராகக் கழிவறைக்குள் போய், வெளியே வந்து, பிறகுதான் சௌக்கியமா என்று கேட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் நான் சொல்லிவிட்டேன். “அக்கா, நாளைக்கு நான் வழக்கம்போல விடியறச்சே குளிச்சு, மடி உடுத்திண்டு தளிகை பண்ணுவேன். ஆனா தீர்த்தம் குடிப்பேன். வந்தா போவேன். கை கால் அலம்பி, வாய் கொப்பளிச்சு, பெருமாள நெனச்சுண்டு வந்து விட்ட எடத்துலேர்ந்து பண்ணுவேன். மறுபடி மறுபடி குளிக்க மாட்டேன்.”

என் கணவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அக்கா என்னையே பார்த்தார்.

“அம்மா பார்த்துண்டிருக்கா, ஞாபகம் இருக்கட்டும்” என்றார்.

“பார்க்கட்டும் அக்கா. பார்க்கணும்னுதான் நெனக்கறேன்.”

அப்படியானால் சமையலுக்கு ஒரு மாமியை வைத்துவிடலாம் என்றார். கூலிக்கு மடியாகச் சமைத்துக் கொடுப்பவர்கள் ஊரில் இருக்கிறார்கள்.

“அந்த மாமிக்கு மட்டும் மூத்திரம் வராதா? அவளும் தீர்த்தம் குடிக்காமத்தான் நிப்பா” என்றேன்.

இன்னொன்றும் உண்டு. அந்தச் சமையலை நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. திவசச் சமையலில் புளியும் மிளகாயும் பெருங்காயமும் கூடாது. மிளகையும் சீரகத்தையும் வைத்துக்கொண்டே ருசி காட்ட வேண்டும். பாகற்காயை உப்புப் போட்டுப் பிசறிப் பிழிந்து, தேங்காய் தூக்கலாகப் போட்டு, கசப்பு போயும் போகாமலும் நிறுத்தினால் என் மாமியாருக்குப் பிடிக்கும். வாழ்ந்த நாளில் வாய்விட்டுப் பாராட்டாத மனுஷி, அதை மட்டும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். எனக்கு அவர்மேல் பிரியம் இருந்தது. சட்டம் போட்டவர் என்ற கோபமும் இருந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் வருஷா வருஷம் சமைக்கிறேன். அதைக் கொண்டுபோய் யாரோ ஒருத்தி கையில் எப்படிக் கொடுப்பேன்?

சற்று நேரம் கழித்து அக்கா என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். தன் பையைத் திறந்து, புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். பெரியவர்கள் கட்டிக்கொள்கிற டயப்பர்.

“இதக் கட்டிண்டுட்டா எங்கயும் போக வேண்டாம். மடியும் போகாது” என்றார், குரலைத் தாழ்த்தி.

“இது மடியா அக்கா?”

“மெஷின்ல பண்ணது. உறையப் பிரிக்கற வரைக்கும் மனுஷா கை படாது. யோசிச்சுப் பாரேன்.”

நிஜமாகவே யோசித்துத்தான் வைத்திருந்தார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கூடவே கோபமும். “இடுப்புல மூத்திரத்தக் கட்டிண்டு பகவானுக்குத் தளிகை பண்ணா மடி. அதே மூத்திரத்த விட்டுட்டு, அலம்பிண்டு வந்து பண்ணா விழுப்பு. இத எந்தப் பெரியவா சொன்னா?”

அப்போதுதான் அந்தப் பொட்டலத்தைக் கவனித்தேன். எனக்காகப் புதிதாக வாங்கி வந்ததில்லை அது. ஏற்கெனவே பிரித்து, பாதிக்கு மேல் காலியாகி, வாயை ரப்பர் பேண்டால் கட்டியிருந்தது.

“ரயிலுக்கா அக்கா?” என்றேன்.

“ரயிலுக்கு. கல்யாணத்துக்கு. கோவிலுக்கு. எங்க போனாலும்” என்றார். பையை மூடிக் காலுக்கடியில் தள்ளிக்கொண்டார்.

ரயிலில் கட்டிக்கொள்வதில் எந்தத் தப்பும் இல்லை என்றேன். ரயிலில் கழிவறை இல்லை. அம்மா விழுந்த பிறகு கட்டினதாக இருந்தாலும், இந்த வீட்டில் ஒன்று இருக்கிறது. எனக்கு அவர்மேல் கோபம் தீர்ந்துபோயிற்று. மற்ற எல்லார்மேலும் இரண்டு பங்காக ஏறியது.

படுக்கும் முன் என் கணவர் சமாதானத்துக்கு வந்தார். “நீ போயிட்டு வா. ஆனா யார்கிட்டயும் சொல்லாதேயேன். யாருக்குத் தெரியப்போறது?”

அவரைப் பொறுத்தவரை அது பெரிய இறக்கம், எனக்குத் தெரியும். ஆனாலும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. சாப்பிட உட்காருகிறவர்களுக்கு யார் எப்படிச் சமைத்தது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் ஊட்டுவது ஏமாற்று. தெரிந்தே சாப்பிட்டால்தான் அது என் மாமியாருக்குப் போய்ச் சேரும். எனக்கு நம்பிக்கை உண்டு என்பதால்தான் இத்தனை பாடு. நம்பிக்கை இல்லாதவளாக இருந்தால் ஹோட்டலில் பார்சல் சொல்லிவிட்டுக் காலை நீட்டிப் படுத்திருப்பேன்.

மறுநாள் அடுப்பில் பாகற்காய் வதங்கிக்கொண்டிருந்தபோது வாத்தியாரும் இரண்டு சுவாமிகளும் வந்தார்கள். ஒருவர் வயதானவர், என் மாமியாரின் இடத்தில் உட்கார வேண்டியவர். இன்னொருவர் இளையவர், கும்மிடிப்பூண்டியில் ஏதோ கம்பெனியில் ஷிப்ட் பார்ப்பவர். அவர்கள் கால் அலம்பி உள்ளே வந்ததும், சமையலறை நிலைப்படியில் நின்றுகொண்டு சொன்னேன். எனக்கு என்ன உபாதை, நான் என்ன செய்யப் போகிறேன், விடிந்த பிறகு ஏற்கெனவே ஒருதரம் போய்விட்டு வந்தேன் என்பதுவரை, குரலைத் தாழ்த்தாமல் சொன்னேன். “ஒப்புதல் இருந்தா உட்காருங்கோ. இல்லேன்னா நான் தப்பா நெனக்க மாட்டேன்.”

சொல்லும்போது தைரியமாகத்தான் இருந்தேன். சொல்லி முடித்த பிறகுதான் கணக்குப் போட்டேன். இரண்டு பேரும் கிளம்பிப் போய்விட்டால் இந்தத் திதி தவறிவிடும். அம்மாவுக்கு ஒரு வருஷம் இலை போடாத பிள்ளை என்ற பெயரோடு என் கணவர் கோவிலுக்குப் போக வேண்டும். அதை அவர் வாயால் சொல்லிக் காட்ட மாட்டார், முகத்தால் சொல்லிக்கொண்டே இருப்பார். என் மாமியார் பட்டினி என்ற எண்ணம் எனக்கே நெஞ்சில் முள்ளாக நிற்கும்.

“சொல்லாம இருந்திருக்கலாமே மாமி” என்றார் வாத்தியார், சங்கடத்தோடு. “நாலு ஆத்துல நடக்கறதுதான். யார் கேக்கறா?”

“சொல்லாம பண்ண நான் என்ன திருடியா சார்?”

இளையவர் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். “எனக்கு மனசு ஒப்பல. மன்னிச்சுக்கோங்கோ” என்று கிளம்பிவிட்டார். கம்பெனியில் ஷிப்டுக்கு நடுவில் அவர் தென்னை மரத்தைத் தேடிக்கொண்டு போவதில்லை என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்காமல் வழிவிட்டேன். வெளியே பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது. கொல்லையிலிருந்து, “இன்னா மாமி, ஒர்த்தரு சாப்டாமயே போய்க்கினு இருக்காரு?” என்று ஒரு குரல் வந்தது.

அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். “அம்மாவுக்கு இன்னிக்கு ஒரு வாய் கெடயாது, அவ்வளவுதான்” என்றார் என் கணவரிடம். அவர் என்னைப் பார்க்காமல் பூணூலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அம்மா எப்படிப் போனான்னு எல்லாருக்கும் தெரியும்” என்றேன். “இதுக்காக எழுந்து போய்த்தான் விழுந்தா. அவளுக்குப் பண்ற காரியத்துல, இன்னொருத்தி அடக்கிண்டு நடுங்கிண்டு சமைச்சுப் போட்டா, அது அவளுக்கு எறங்குமா சார்?”

வாத்தியார் பெரியவரைப் பார்த்தார். எல்லாரும் பெரியவரைப் பார்த்தோம். அவர் மணையில் உட்காரவும் இல்லை, கிளம்பிப் போகவும் இல்லை. தூணைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். கொஞ்சம் இருமிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“உள்ளயே கட்டியிருக்கேளா? நான் கவனிச்சதில்ல” என்றார்.

“ஆமாம், அந்தக் கதவுதான்” என்றேன், எதற்குக் கேட்கிறார் என்று புரியாமல்.

“தென்ன மரத்தடியெல்லாம் பாசி. போன வருஷமே வழுக்கித்து. ஆபரேஷன் ஆனதுலேர்ந்து எனக்கும் தாங்கறதில்ல. நானும் இங்கயே போயிட்டு வந்து உட்காரட்டுமா?”

அவர் போனார். கதவைச் சாத்தினார். வந்து கை கால் அலம்பி, ஆசமனம் செய்து, என் மாமியாராக மணையில் உட்கார்ந்தார். இனிமேல் வாத்தியார் என்ன சொல்ல முடியும்? கிளம்பிப் போனவரின் இடத்தில் தர்ப்பைப் புல்லை முடிந்து வைத்தார். ஆள் கிடைக்காதபோது அப்படிச் செய்யலாம். யார் எங்கே போய்விட்டு வந்தாள் என்று தர்ப்பை கேட்காது.

காரியம் நடந்தது. நடுவில் நான் ஒருதரம் போனேன். தண்ணீர் திறந்துவிடுகிற சத்தம் ஹோமம் வரைக்கும் கேட்டிருக்கும், கேட்கட்டும். வந்து, நாங்கள் திருக்கண்ணமுது என்கிற பாயசத்தைக் கிளறி இறக்கினேன். பெரியவர் பொறுமையாகச் சாப்பிட்டார். பேசக் கூடாதென்பதால் பாகற்காய்ப் பாத்திரத்தைப் பார்த்து விரலைக் காட்டினார். இரண்டாம் தடவையும் போட்டேன். சடங்குப்படி என் கணவர், திருப்தியா என்று கேட்டார். திருப்தி என்றார் பெரியவர். பிறகு என் கணவர் தன் அம்மாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட உட்கார்ந்தார்.

அப்போதுதான் அக்காவைப் பார்த்தேன். கூடத்துச் சுவரில் சாய்ந்து, ஒரு காலோடு இன்னொரு காலை இறுக்கிப் பின்னிக்கொண்டு, கண்ணை மூடி நின்றார். உதடு வெள்ளையாக வறண்டிருந்தது. அந்த நிற்பை எனக்குத் தெரியும். கம்பெனி பஸ்ஸில் எத்தனையோ வருஷம் அப்படி நின்றவள் நான்.

“அக்கா, போயிட்டு வாங்கோ” என்றேன், எல்லார் காதிலும் விழும்படியாகவே.

கண்ணைத் திறந்தார். தம்பியைப் பார்த்தார், வாத்தியாரைப் பார்த்தார். அவர்கள் தண்ணீர் விடுவதில் இருந்தார்கள். புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கூடத்தின் நடுவே, அத்தனை பேர் முன்னாலும் நடந்து போனார்.

திரும்பி வரும்போது கால் ஈரம் தரையில் பதிந்தது. ஒரு சொம்பு தண்ணீரை நீட்டினேன். வேண்டாமென்பார் என்று நினைத்தேன். வாங்கி, தலையை நிமிர்த்தி, மூச்சு விடாமல் குடித்தார். கழுத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. சொம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு, தன் தம்பி எள்ளோடு சேர்த்து விரலிடுக்கில் விட்டுக்கொண்டிருந்த தண்ணீரையே பார்த்தார்.

“அம்மாவுக்கு எவ்வளவு தாகமா இருந்திருக்கும்” என்றார்.

நான் சொம்பை வாங்கி மறுபடி நிரப்பினேன்.